பாரி ஜீட்டோவின் இரண்டு விலைகள்

2002ஆம் ஆண்டு அமெரிக்க பேஸ்பாலில் பாரி ஜீட்டோ என்ற இடக்கைப் பிட்சர் 23 ஆட்டங்களில் வென்று ஐந்தில் மட்டும் தோற்றார். வயது 24. அமெரிக்கன் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குக் கிடைத்தது. லீகில் அப்போதிருந்த குறைந்தபட்சச் சம்பளம் 2 லட்சம் டாலர். ஓக்லாந்து ஏ'ஸ் அணி அவருக்குக் கொடுத்தது அதை ஒட்டிய தொகைதான். நான்கு ஆண்டுகள் கழித்து, 2006 டிசம்பரில், வளைகுடாவின் எதிர்க்கரையில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி ஏழு ஆண்டுகளுக்கு 12.6 கோடி டாலர் என்று பேசி அவரை அழைத்துக்கொண்டது. ஒரு பிட்சருக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. ஓக்லாந்தில் 102 வெற்றி, 63 தோல்வி என்று கணக்கு வைத்திருந்தவர், ஜயன்ட்ஸில் 63 வெற்றி, 80 தோல்வி என்று முடித்தார்.

ஜயன்ட்ஸ் ஏமாந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் இந்த இரண்டு விலைகளுக்கும் ஜீட்டோவின் கைக்கும் பெரிய தொடர்பில்லை. ஒரு வீரரின் விலையை அவருடைய திறமையைவிட, அவர் எத்தனை ஆண்டு ஆடியிருக்கிறார் என்ற விதிதான் முதலில் தீர்மானிக்கிறது. வெல்வதற்கு ஒரு பேஸ்பால் அணி பணத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்ற கேள்விக்கான விடையும் பெரும்பாலும் அந்த விதிக்குள்தான் கிடக்கிறது.

ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2025 ஏலத்தில் எல்லா அணிகளுக்கும் பணப்பை ஒன்றே: 120 கோடி ரூபாய். பேஸ்பாலில் அப்படியொரு உச்சவரம்பு கிடையாது. ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும். 2025இல் அந்தக் கோடு 24.1 கோடி டாலர். கட்ட மனமிருந்தால் எவ்வளவும் செலவிடலாம். 2002இல் நியூயார்க் யாங்கீஸின் சம்பளப் பட்டியல் 12 கோடி டாலருக்கு மேல். ஓக்லாந்துடையது 4 கோடியைச் சுற்றி. அந்தப் பருவத்தில் இரண்டு அணிகளும் வென்ற ஆட்டங்கள் தலா 103.

விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் மேலே பேச முடியும். 1970களின் நடுப்பகுதி வரை ஒரு வீரர் ஓர் அணியில் கையெழுத்திட்டால் ஆயுளுக்கும் அந்த அணியின் சொத்து. ஒப்பந்தம் முடிந்ததும் அணியே அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்ற ஒரு ஷரத்து அதைச் சாத்தியமாக்கியது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் கர்ட் ஃப்ளட், 1969இல் தன்னைக் கேட்காமலேயே பிலடெல்பியாவுக்கு மாற்றியதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 3 என்ற கணக்கில் தோற்றார். அந்தக் காலத்துச் சம்பளங்களை ஆராய்ந்து பொருளாதார அறிஞர் ஜெரால்டு ஸ்கல்லி 1974இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வீரர்கள் அணிக்கு ஈட்டித் தந்ததில் ஏறக்குறைய 10 முதல் 20 சதவீதம்தான் அவர்கள் கைக்குப் போனது என்பது அவர் கணக்கு. 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர் அந்த ஷரத்து ஓராண்டுக்கு மேல் செல்லாது என்று தீர்ப்பளித்ததும் பூட்டு உடைந்தது.

அப்போது நடந்த ஒரு சம்பவத்தை நான் இந்த விளையாட்டின் மிக நுட்பமான பொருளாதாரப் பாடமாகக் கருதுகிறேன். ஓக்லாந்து அணியின் அன்றைய உரிமையாளர் சார்லி ஃபின்லி, எல்லா வீரர்களையும் ஒவ்வோர் ஆண்டும் விடுவித்துவிடலாம் என்றார். மற்ற உரிமையாளர்கள் அவரைக் கிறுக்கர் என்று ஒதுக்கினார்கள். வீரர் சங்கத்தின் தலைமையில் இருந்த மார்வின் மில்லருக்கோ அந்த யோசனை ஏற்கப்பட்டுவிடுமோ என்று அச்சம். நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் விலை சரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். சித்திரையில் மாம்பழம் குவியும்போது கூடை என்ன விலைக்குப் போகும் என்று எந்தச் சந்தை வியாபாரியைக் கேட்டாலும் சொல்வார். முடிவில் ஆறு ஆண்டுகள் ஆடியவரே சுதந்திர வீரர் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. உரிமையாளர்கள் இளைஞர்களைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். சங்கம் மூத்தவர்களின் விலையை ஏற்றிக்கொண்டது.

அந்த ஏற்பாடு இன்றுவரை நிற்கிறது. மேஜர் லீகில் முதல் மூன்று ஆண்டுகள் அணி கொடுப்பதுதான் சம்பளம்; குறைந்தபட்சம் 2022இல் 7 லட்சம் டாலர், 2025இல் 7.6 லட்சம். அடுத்த மூன்று ஆண்டுகள் உடன்பாடு வராவிட்டால் நடுவர் மன்றம். அதற்குப் பிறகுதான் சந்தை. ஓராண்டுப் பணி என்றால் 172 நாள். 2015இல் சிகாகோ கப்ஸ் தன் இளம் நட்சத்திரம் கிரிஸ் பிரையன்டை ஏப்ரல் 17 வரை மைனர் லீகிலேயே வைத்திருந்து பிறகு அழைத்தது. அந்த ஆண்டு அவர் கணக்கில் 171 நாள்தான் சேர்ந்தது. ஒரு நாள் குறைந்ததில் அணிக்கு முழுதாக ஓராண்டு கூடுதலாகக் கிடைத்தது. பிரையன்ட் முறையீடு செய்தார், 2020இல் தோற்றார்.

இப்போது கணக்குக்கு வருவோம். பேஸ்பால் ஆய்வாளர்கள் ஒரு கற்பனை வீரரை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். இன்று போன் செய்தால் நாளை வந்து நிற்கக்கூடிய, குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆடக்கூடிய மைனர் லீக் ஆள். அவரை மாற்றாள் என்று அழைப்போம். 26 மாற்றாட்களை மட்டும் வைத்து ஓர் அணி அமைத்தால் அது 162 ஆட்டங்களில் ஏறத்தாழ 48இல் வெல்லும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பு. செலவு சுமார் 2 கோடி டாலர். அதாவது முதல் 48 வெற்றிகள் கிட்டத்தட்ட இனாம். ஆனால் அக்டோபர் பிளேஆஃபுக்குள் நிம்மதியாக நுழைய 90 வெற்றி வேண்டும். மீதி 42ஐ எங்கே வாங்குவது?

சுதந்திர வீரர் சந்தையில் ஒரு கூடுதல் வெற்றியின் விலை அண்மை ஆண்டுகளில் 80 லட்சம் டாலரை ஒட்டி இருப்பதாகப் பல கணிப்புகள் சொல்கின்றன. 42ஐயும் கடையிலேயே வாங்கினால் 33 கோடி டாலருக்கு மேல் ஆகும். ஒன்றிரண்டு அணிகளைத் தவிர வேறு யாரும் தொடாத தொகை அது. ஆனாலும் ஆண்டுதோறும் பல அணிகள் 90 வெற்றியை எட்டுகின்றன. அந்த வெற்றிகளில் பெரும்பகுதி ஆறு ஆண்டை எட்டாத இளைஞர்களிடமிருந்து வருகிறது. அவர்களுக்குச் சந்தை விலை கொடுக்க வேண்டியதில்லை. விளைச்சலுக்கும் கூலிக்கும் இடையிலான அந்த வித்தியாசம்தான் வெல்லும் அணியின் உண்மையான மூலதனம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 'மணிபால்' கதையை மறுபடி பார்க்க வேண்டும். மைக்கேல் லூயிஸின் புத்தகம் 2003இல் வந்தது. பிராட் பிட் நடித்த படம் 2011இல். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2001 பருவம் முடிந்ததும் ஓக்லாந்து தன் மூன்று பெரிய வீரர்களை இழந்தது. ஜேசன் ஜியாம்பி மட்டும் 12 கோடி டாலருக்கு யாங்கீஸுக்குப் போனார். பொது மேலாளர் பில்லி பீனும் உதவியாளர் பால் டிபொடெஸ்டாவும் பிறர் கழித்துவிட்ட வீரர்களைப் புள்ளிவிவரம் பார்த்துப் பொறுக்கினார்கள். அவர்கள் கண்டுகொண்டது இதுதான்: ஒரு பேட்டர் எத்தனை முறை அவுட்டாகாமல் பேஸை எட்டுகிறார் என்பதற்கு ரன் ஈட்டுவதில் பெரும்பங்கு உண்டு, ஆனால் சந்தையில் அதற்கு மதிப்பில்லை. முழங்கை நரம்பு அறுந்து கேட்சராக இனி நிற்க முடியாது என்றான ஸ்காட் ஹேட்டபர்க்கை முதல் பேஸில் நிறுத்தினார்கள். நல்ல பந்தை மட்டும் அடித்து, மோசமான நான்கை விட்டுவிட்டு நடந்தே பேஸுக்குப் போகும் பொறுமை அவரிடம் இருந்தது.

இது உண்மை. எவ்வளவு நாள் உண்மையாக இருந்தது என்பதைத்தான் பலர் கேட்பதில்லை. ஜான் ஹேக்ஸ், ரேமண்ட் சாவர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு, சம்பளங்களையும் திறன்களையும் ஆண்டு ஆண்டாக ஒப்பிட்டது. பேஸை எட்டும் திறனுக்கு முன்பு கிடைக்காத விலை, 2004 வந்தபோது கிடைக்கத் தொடங்கியிருந்தது. புத்தகம் வெளிவந்து ஓராண்டுக்குள் மலிவுச் சரக்கு தீர்ந்துவிட்டது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அதற்குள்ளாகவே பில் ஜேம்ஸை வேலைக்கு வைத்திருந்தது. கான்சாஸில் ஒரு பதப்படுத்திய பீன்ஸ் தொழிற்சாலையில் இரவுக் காவல் பார்த்துக்கொண்டே 1977இல் இந்தக் கணக்குகளைத் தானே அச்சிட்டு விற்கத் தொடங்கிய மனிதர் அவர். 2004இல் ரெட் சாக்ஸ் 86 ஆண்டுகளுக்குப் பின் பட்டம் வென்றது.

புத்தகமும் படமும் அதிகம் காட்டாத இன்னொன்று உண்டு. 2002 ஓக்லாந்தின் 103 வெற்றிகளில் 57 மூன்று பிட்சர்களின் கணக்கில் இருக்கின்றன: ஜீட்டோ 23, மார்க் மல்டர் 19, டிம் ஹட்சன் 15. மூவரும் அணி தானே தேர்ந்தெடுத்து வளர்த்தவர்கள், மூவருமே ஆறு ஆண்டு முடியாதவர்கள். அந்த ஆண்டு லீகின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்ற மிகேல் தெஹாதாவும் அப்படியே. டொமினிகன் குடியரசிலிருந்து அவரை அழைத்துவர ஓக்லாந்து கொடுத்தது 2,000 டாலர். ஹேட்டபர்க் அந்த அணியின் அழகான கதை. அணியின் அடித்தளம் இந்த நால்வர். பீனின் கூர்மையைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் அவருடைய சிக்கனத்தில் பெரும்பங்கு ஜீட்டோவுக்கும் தெஹாதாவுக்கும் நியாயமாகப் போயிருக்க வேண்டிய பணம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சந்தையில் வாங்குவது ஏன் நஷ்டமாகிறது? வயதுதான் முதல் காரணம். பேஸ்பால் வீரர்கள் பெரும்பாலும் 26 முதல் 29 வயதுக்குள் உச்சத்தை எட்டுகிறார்கள். 23, 24 வயதில் அறிமுகமாகி ஆறு ஆண்டு முடிப்பவர் 30ஐ நெருங்கும்போதுதான் சந்தைக்கு வருகிறார். விலை கடந்த கால ஆட்டத்துக்கு; கிடைப்பது வருங்கால ஆட்டம். இரண்டாவது காரணம் ஏலத்தின் இயல்பு. பத்து அணிகள் ஒரு வீரரை மதிப்பிட்டால், அவரைப் பெறுவது எல்லாரையும்விட அதிகமாக மதிப்பிட்ட அணி. அந்த அணிதான் தவறாக மதிப்பிட்டிருக்கவும் வாய்ப்பு அதிகம்.

இரண்டுக்கும் ஆல்பர்ட் பூஹோல்ஸைவிடச் சிறந்த சான்று கிடையாது. செயின்ட் லூயிஸில் 11 பருவங்கள் ஆடி .328 பேட்டிங் சராசரி வைத்திருந்தார். 2011இல் அந்த அணி பட்டம் வென்றதும், 32ஐ நெருங்கிக்கொண்டிருந்த அவரை லாஸ் ஏஞ்சல்ஸ் ஏஞ்சல்ஸ் பத்தாண்டுகளுக்கு 24 கோடி டாலருக்கு அழைத்துக்கொண்டது. அங்கே அவருடைய சராசரி .256. பத்தாவது ஆண்டின் மே மாதத்தில் விடுவித்தார்கள். அவர் போனதற்கு ஈடாக, இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஏஞ்சல்ஸின் முதல் வாய்ப்பு செயின்ட் லூயிஸுக்குக் கிடைத்தது. அதில் மைக்கேல் வாக்கா என்ற பிட்சரை எடுத்தார்கள். அடுத்த ஆண்டே, 2013இல், அவர் அந்த அணியை, பட்டத்துக்கான உலகத் தொடருக்குக் கொண்டுசேர்த்து, நேஷனல் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரரானார்.

ஏஞ்சல்ஸ் அணியிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. 2018 முதல் 2023 வரை மைக் டிரவுட், ஷோஹேய் ஓட்டானி என்ற இரண்டு மாபெரும் வீரர்கள் ஒன்றாக அங்கே ஆடினார்கள். ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்த அணி பிளேஆஃபுக்குப் போகவில்லை. ஓட்டானி மிகச் சிறந்த வீரர் விருது பெற்ற 2021இல் வெற்றி 77. மறுபடி பெற்ற 2023இல் 73.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது விளங்குவது கடினம். கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேன் நிலைத்துவிட்டால் நாள் முழுவதும் ஆடலாம். ஒருவரே ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தலாம். பேஸ்பாலில் அடித்தாலும் அவுட்டானாலும் அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். ஒன்பது பேரும் சுற்றி முடித்த பிறகே மறுபடி முறை வரும். ஓர் ஆட்டத்தில் நான்கைந்து தடவை. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரும் ஒருநாள் வீசினால் நான்கைந்து நாள் ஓய்வெடுக்க வேண்டும். எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் ஆட்டத்தைத் தொட முடியாது. ஏஞ்சல்ஸ் அணியில் உச்சியில் கோபுரம் இருந்தது, மதில் எங்கும் ஓட்டை. மூன்றாவது கோபுரமாக 2019 டிசம்பரில் ஆன்டனி ரெண்டோனுக்கு 24.5 கோடி டாலர் கொடுத்தார்கள். காயங்களால் எந்தப் பருவத்திலும் அவர் 58 ஆட்டங்களுக்கு மேல் அந்த அணிக்கு ஆடவில்லை.

ஓட்டையை அடைப்பது எவ்வளவு மலிவு என்பதை 2021இல் அட்லாண்டா பிரேவ்ஸ் காட்டியது. ஜூலையில் அவர்களுடைய சிறந்த வீரர் ரொனால்டு அகூன்யா முழங்கால் காயத்தால் பருவம் முழுவதற்கும் வெளியேறினார். பொது மேலாளர் அலெக்ஸ் ஆந்தோபுலஸ் அவருக்கு இணையான இன்னொரு நட்சத்திரத்தைத் தேடவில்லை. வேறு அணிகளுக்கு வேண்டாத நான்கு வெளிக்கள வீரர்களை அந்த மாதத்துக்குள் சேர்த்தார். அவர்களில் எடி ரொசாரியோவுக்கு ஈடாகக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்தது, காலம் முடிந்துகொண்டிருந்த பாப்லோ சாண்டோவாலை. கிளீவ்லாந்து அவரை வாங்கிய கையோடு விடுவித்துவிட்டது. ரொசாரியோ லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரரானார். நால்வரில் இன்னொருவரான ஹோர்ஹே சொலேர் உலகத் தொடரின் சிறந்த வீரரானார். பட்டம் அட்லாண்டாவுக்கு. மிக மோசமான ஓர் ஆளை நீக்கிவிட்டுச் சுமாரான ஆளை நிறுத்தினாலும், நல்ல ஆளை நீக்கிவிட்டு நட்சத்திரத்தை நிறுத்தினாலும் கூடும் வெற்றி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். விலைதான் பல மடங்கு வேறுபடும்.

இருந்தாலும் அட்லாண்டாவின் வெற்றியை முழுக்கப் புத்திசாலித்தனம் என்று எழுதிவிட எனக்குத் தயக்கம். வழக்கமான பருவத்தில் அவர்கள் வென்றது 88 ஆட்டம். பிளேஆஃபுக்குப் போன பத்து அணிகளிலும் அதுவே குறைவு. நாணயம் சுண்டுவதுபோல ஒவ்வோர் ஆட்டத்திலும் சம வாய்ப்புள்ள ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடினால், அதிர்ஷ்டம் மட்டுமே வெற்றி எண்ணிக்கையை ஆறு ஆட்டம் வரை மேலோ கீழோ தள்ளிவிடுவது சாதாரணம். 80 லட்சத்தால் பெருக்கினால் ஏறக்குறைய 5 கோடி டாலர். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதற்கே அவ்வளவு விலை. 2002 ஓக்லாந்து 800 ரன் எடுத்து 654 ரன் கொடுத்தது. எடுத்த ரன், கொடுத்த ரன் இரண்டின் வர்க்கங்களை வைத்து வெற்றியைக் கணிக்கும் பில் ஜேம்ஸின் சூத்திரத்தில் போட்டால் 97 வெற்றி வருகிறது. கிடைத்ததோ 103. அக்டோபரில் ஐந்து ஆட்டத் தொடரில் மினசோட்டாவிடம் தோற்றார்கள். அந்தக் குறுகிய தொடர்களைப் பணத்தாலோ கணக்காலோ கட்டுப்படுத்த முடியாது என்று பீனே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் பெரிய பணத்துக்கு இடமே இல்லையா? உண்டு, காலமறிந்து செலவிட்டால். எல்லா வெற்றியும் ஒரே மதிப்புள்ளதல்ல. 65 ஆட்டம் வெல்லும் அணி 70 வென்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. 86இல் நிற்கும் அணி 91ஐ எட்டினால் பிளேஆஃப், கூட்டம், அடுத்த ஆண்டு டிக்கெட் விற்பனை என்று எல்லாம் மாறும். அந்த விளிம்பில் நிற்கும் அணி ஒரு வெற்றிக்கு 80 லட்சத்துக்கு மேல் கொடுத்தாலும் தவறில்லை. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 2021 குளிர்காலத்தில் கோரி சீகருக்கு 32.5 கோடியும் மார்கஸ் செமியனுக்கு 17.5 கோடியும் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு 94 ஆட்டங்களில் தோற்றதும் ஊரே சிரித்தது. 2023இல் பட்டம் வென்றார்கள். உலகத் தொடரின் சிறந்த வீரர் சீகர். அதே 2023இல் அதுவரையிலான பேஸ்பால் வரலாற்றிலேயே அதிகச் சம்பளப் பட்டியலோடு, நாற்பதை ஒட்டிய வயதிலிருந்த இரண்டு பிட்சர்களுக்கு ஆண்டுக்குத் தலா 4.3 கோடி டாலர் கொடுத்துத் தொடங்கிய நியூயார்க் மெட்ஸ், பாதியிலேயே இருவரையும் வேறு அணிகளுக்கு அனுப்பிவிட்டு, 75 வெற்றியோடு பருவத்தை முடித்தது.

இன்று யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டால் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸைச் சொல்வேன், அவர்களுடைய பணத்துக்காக அல்ல. 2014 அக்டோபரில், பணமில்லாத டாம்பா பே அணியைச் சிக்கனத்தால் உயர்த்திய ஆண்ட்ரூ ஃப்ரீட்மனை அவர்கள் தலைமைக்கு அழைத்துக்கொண்டார்கள். ஏழையின் கணக்குப் புத்தகம் பணக்காரர் வீட்டுக்குப் போனது. முதலில் இளைஞர்களை வளர்க்கும் அமைப்பையும் ஓட்டை அடைக்கும் பழக்கத்தையும் சரிசெய்தார்கள். ஓட்டானியின் 70 கோடி டாலர் 2023 டிசம்பரில் அதற்கு மேல் வந்து அமர்ந்தது. 2024, 2025 இரண்டு ஆண்டும் பட்டம் அவர்களுக்கே. அடித்தளமில்லாத ஏஞ்சல்ஸில் வெல்லாத அதே ஓட்டானி, முப்பது மைல் தள்ளி வென்றார்.

ஜீட்டோவை நடுவில் விட்டுவிட்டேன். 2010இல் ஜயன்ட்ஸ் பட்டம் வென்றபோது பிளேஆஃப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆண்டுக்குச் சராசரியாக 1.8 கோடி டாலர் வாங்கியவர் வெளியே உட்கார்ந்திருந்தார். லின்சகம், கெய்ன், பம்கார்னர், கேட்சர் போஸி என்று அணி தானே வளர்த்தவர்கள் வென்று கொடுத்தார்கள். 2012இல் செயின்ட் லூயிஸுக்கு எதிரான லீக் இறுதித் தொடரில் 1-3 என்று பின்தங்கி, தோற்றால் பருவமே முடிந்தது என்ற ஐந்தாவது ஆட்டத்தில் பந்து ஜீட்டோவிடம் வந்தது. எட்டாவது இன்னிங்ஸ் வரை ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஜயன்ட்ஸ் தொடரைத் திருப்பியது. உலகத் தொடரின் முதல் ஆட்டத்தையும் அவரே வென்றார். பின்னாளில் ரொசாரியோவுக்கு ஈடாகப் போகவிருந்த பாப்லோ சாண்டோவால் அன்று மூன்று ஹோம் ரன் அடித்தார். என் கணக்கில் அந்த 12.6 கோடி இப்போதும் நஷ்டம்தான். சான் பிரான்சிஸ்கோவில் யாரிடமும் அதைச் சொல்லிப் பார்க்கலாம், ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இவ்வளவும் ஆறு ஆண்டு விதி நிற்கும்வரைதான் செல்லும். உரிமையாளர்களும் வீரர் சங்கமும் 99 நாள் கதவடைப்புக்குப் பின் 2022 மார்ச்சில் போட்ட இப்போதைய ஒப்பந்தத்தின் கடைசி நாள் 2026 டிசம்பர் 1.